சங்கீதாவின் அப்பாவுக்குப் போன செய்தி

முப்பத்தோரு வருட நூலகப் பணியில் நான் செய்த பெரிய தவறு, கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிறிய கட்டத்துக்குள் டிக் போட்டதுதான். போட இரண்டு விநாடி ஆகியிருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. முழுவதும் சரியானதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன மாதம் நீங்கள் ஐந்தாறு பேர் மகர்பட்டாவில் என் மகன் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தீர்கள். நூலகப் படிப்பை முடித்துவிட்டு, மராத்தி பேசும் இந்த ஊர்க் கல்லூரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மின்னிதழ்களை மாணவர்கள் வீட்டிலிருந்தே படிக்க என்ன ஏற்பாடு செய்யலாம், எந்த மென்பொருள் வாங்கலாம் என்றெல்லாம் கேட்டீர்கள். அந்த விஷயங்களில் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிகிறது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். "ஏதாவது ஒரு சேவையை ஆரம்பிச்சுட்டு அப்புறம் நிறுத்தியிருக்கீங்களா மேடம்?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் கதை எனக்கு மட்டும் சொந்தமானதில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டேன். பெயரை மாற்றிவிட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். மாற்றியிருக்கிறேன்.

எங்கள் கல்லூரி இதே ஊரில் ஏரவாடா பக்கம். கட்டட வேலை, ஆட்டோ, வீட்டு வேலை, சின்னக் கடை என்று பிழைக்கிற குடும்பங்களின் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தாத்தா காலத்தில் வந்தவர்கள். பிள்ளைகள் மராத்தியில் படித்து, ஹிந்தியில் சண்டை போட்டு, வீட்டில் மட்டும் தமிழ் பேசுவார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. நூலகத்தில் புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்றார் பிரின்சிபால். செய்தோம். வெளியிலிருந்தும் மின்னிதழ்களைப் படிக்கும் வசதி வந்தது. பார்வையில்லாத மாணவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. கூடவே, புத்தகம் எடுத்தால் உடனே போனுக்குச் செய்தி, திருப்பித் தரும் நாள் நெருங்கினால் இன்னொரு செய்தி. எனக்கு எல்லாவற்றையும்விட இந்தச் செய்திச் சேவையில்தான் பெருமை.

மென்பொருளில் ஒரு கேள்வி இருந்தது. செய்தி யாருக்குப் போக வேண்டும்? மாணவர் தரும் எண்ணுக்கா, அலுவலகப் பதிவில் உள்ள எண்ணுக்கா? மாணவர் எண்களைச் சேகரிக்க இரண்டு வாரமாவது ஆகும். குழு வருவதோ வரும் திங்கட்கிழமை. அலுவலகப் பதிவில் எல்லா எண்ணும் தயாராக இருந்தது. சேர்க்கைப் படிவத்தில் எழுதிய எண்கள். அவற்றில் பெரும்பாலானவை பெற்றோருடையவை என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். வீட்டில் யாராவது ஒருவர் பார்த்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்று சொன்னால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு டிக் போட்டேன்.

குழு பாராட்டியது. ஒரு மாணவனின் அம்மா போன் செய்து, பையன் லைப்ரரிக்கே போவதில்லை என்று நினைத்திருந்தேன், இப்போது நிம்மதி என்றார். நான் அதைப் பிரின்சிபாலிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணிவாக்கில், முருகேசன் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். விரல் இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் காய்ந்திருந்தது. இரண்டாம் வருட பி.காம் படிக்கும் சங்கீதாவின் அப்பா என்று சொன்னார். சங்கீதாவை எனக்கு நன்றாகத் தெரியும். மதிய இடைவேளையில் ஜன்னலோரத்து மேஜையில் உட்கார்ந்து கணக்கு போடுகிற பெண்.

"நீங்க தமிழாமே மேடம். கேட்டுல செக்யூரிட்டி சொன்னான்."

"ஆமாங்க. ஈரோடு பக்கம். உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. போனை என் முன்னால் நீட்டினார். "இத்தப் பாருங்க. எம்பொண்ணு பேருல வந்துகிது."

எங்கள் நூலகத்தின் செய்திதான். மராத்தியில் இருந்தது. மராத்தி எழுத்தில் செய்தி போனால் அதில் இடம் குறைவு. தலைப்பு நீளமாக இருந்தால் பாதியில் மூன்று புள்ளி வைத்து நின்றுவிடும். அவர் போனில் 'விவாஹ் நோந்தணி' என்ற இரண்டு சொல் மட்டும் இருந்தது. பிறகு மூன்று புள்ளி.

"விவாஹ் நோந்தணின்னா கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்றதுதான மேடம்?"

"ஆமாங்க."

"பி.காம் படிக்கிற புள்ளைக்கு அது எந்தப் பாடத்துல வருது?"

அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவான குரலைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது. இந்த மாதிரி நேரத்தில் வாய் தானாக ஒரு சுலபமான வழியைத் தேடும். என் வாயும் தேடியது.

"சில சமயம் கம்ப்யூட்டர் தப்பா மெசேஜ் அனுப்பிடுதுங்க. வேற யாராவது எடுத்த புத்தகமா இருக்கும்."

"அப்டியா? அப்ப அந்தப் புஸ்தகம் இங்க இருக்கணும். இல்ல, வேற புள்ள பேருல இருக்கணும். பாத்துச் சொல்லுங்க, நான் நிக்கறேன்."

நான் பார்த்தேன். சங்கீதா பெயரில்தான் இருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு மேடம் பொய்யி? நம்ம பாஷை பேசறவங்க, உள்ளத உள்ளபடி சொல்வீங்கன்னுதான உங்களாண்ட வந்தேன்."

பிறகு அவர், சங்கீதா அந்த வருடம் எடுத்த எல்லாப் புத்தகங்களின் பெயரையும் ஒரு காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னார். "அப்பன் கேக்கறேன். இதுல என்னா தப்பு?"

அப்போது என் திரையில் அந்தப் புத்தகத்தின் முழுத் தலைப்பும் இருந்தது. விவாஹ் நோந்தணி, கடஸ்போட், போட்கி. அதாவது திருமணப் பதிவு, விவாகரத்து, ஜீவனாம்சம். பெண்களுக்காக எழுதப்பட்ட ஒரு சட்டக் கையேடு. பத்தொன்பது வயதுப் பெண் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தால் விவாகரத்தைப் பற்றி எதற்குப் படிக்கப் போகிறாள்? முழுத் தலைப்பையும் சொல்லிவிட்டால் அவருடைய சந்தேகம் அந்த நிமிடமே போய்விடும். பொய் சொன்னதற்குப் பரிகாரம் செய்த மாதிரியும் ஆகும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

எது என்னை நிறுத்தியது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கொள்கை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில், இந்தப் புத்தகம் யாருக்காக என்று எனக்குத் தெரியாதே என்ற ஒரு நினைப்புதான் குறுக்கே வந்தது. எனக்கு ஆறுதலாகத் தெரிகிற, தலைப்பில் மீதியுள்ள அந்த இரண்டு சொல், இவருடைய வீட்டில் போய் என்னவாக மாறும் என்று எனக்குத் தெரியாது.

"நான் பொய் சொன்னது தப்புங்க, மன்னிச்சுக்கோங்க" என்றேன். "புத்தகம் அவ பேர்லதான் இருக்கு. அந்த மெசேஜ் உங்களுக்கு வந்ததும் என் தப்புதான். ஆனா இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. அவளைத்தான் நீங்க கேக்கணும்."

"கேட்டேன். பிராஜக்ட்டுன்னா. உங்களாட்டமே அவளும் என் மூஞ்சியப் பாக்காம சொன்னா."

அங்கிருந்து நேரே பிரின்சிபாலிடம் போனார். கால் மணி நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. பிரின்சிபால் மோசமான மனிதரில்லை. வாசலில் ஒரு தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. "ஒரு பிரிண்ட்தானே மேடம், கொடுத்து அனுப்பிடுங்க" என்று மராத்தியில் சொன்னார். மாணவிக்குப் பத்தொன்பது வயது, அவள் அனுமதி இல்லாமல் தர மாட்டேன் என்றேன். இது என் உத்தரவு என்றார். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், நானும் மறுப்பை எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் எழுதிக் கொடுக்கவில்லை; முருகேசனை அழைத்து, விசாரித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார். முருகேசன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்று மதியமே செய்திச் சேவையை நிறுத்தினேன். குழு பாராட்டிய சேவையை நிறுத்தினால் எப்படி என்று பிரின்சிபால் கேட்டார். மாணவர்களிடம் கேட்டு எண் வாங்கிய பிறகு மறுபடியும் தொடங்கலாம் என்றேன். அந்த ஒரு விஷயத்தில் அவர் என்னோடு வாதாடவில்லை.

மறுநாள் முதல் சங்கீதா கல்லூரிக்கு வரவில்லை.

எங்கள் நூலக உதவியாளர் மங்கல் என்கிற மராத்திப் பெண்மணி. மாணவர்களுக்கு மங்கல்தாயி, அதாவது மங்கல் அக்கா. அவர் வீடு முருகேசன் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. நாலாம் நாள் வந்து சொன்னார்: பெண்ணின் போனை வாங்கி வைத்துவிட்டார்கள், வாசலைத் தாண்ட விடுவதில்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு உள்தேர்வு.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் ரகசியத்தை நான் காப்பாற்றினேன். அதற்காக அவள் படிப்பு நின்றிருக்கிறது. செய்தி போனதும் என்னால். இப்போது அவள் வீட்டில் அடைபட்டுக் கிடப்பதும் என்னால். ஞாயிற்றுக்கிழமை காலையில் மங்கல்தாயியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

'சால்' என்று இங்கே சொல்லும் வரிசை வீடுகளில் ஓர் இரண்டு அறை வீடு. தரையில் ஒரு டைல் போல இன்னொன்று இல்லை. வேலை செய்த இடங்களில் மீந்ததையெல்லாம் கொண்டுவந்து பதித்திருந்தார். நீலம், சந்தனம், மர நிறம், பூப்போட்டது. ஆனால் ஒரு இடத்தில்கூட மேடு பள்ளம் கிடையாது. அவர் மனைவி டீ கொடுத்தார். சங்கீதா உள்ளறைக் கதவுப் பக்கம் நின்றிருந்தாள்.

"தப்பு என்னோடதுங்க" என்றேன். "என் மேல புகார் எழுதிக் குடுங்க, நானே வாங்கிட்டுப் போய் பிரின்சிபால்கிட்ட தர்றேன். அவ பரிச்சையை மட்டும் நிறுத்தாதீங்க."

முருகேசன் டீயைக் கீழே வைத்தார்.

"உங்க மேல புகார் குடுத்து எனக்கு என்னா மேடம் ஆவப் போவுது? அந்த மெசேஜுல பேரு பாதியில நிக்குது. மீதி பேரு உங்களுக்குத் தெரியும். அத்த மட்டும் சொல்லுங்க. செவ்வாக்கெழமை நானே ஸ்கூட்டர்ல கொண்டாந்து காலேஜ் வாசல்ல வுடறேன்."

எனக்கு அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. அவர் கேட்டது கொஞ்சம். கிடைக்கப்போவது ஒரு பெண்ணின் பரீட்சை. நான் சங்கீதாவைப் பார்த்தேன். அவள் ஒருவேளை தலையாட்டினால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆட்ட மாட்டாளா என்று ஏங்கினேன் என்பதுதான் சரி.

"மேடம்" என்றாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் திக்கித் திக்கித்தான் வரும். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ரெஹ்னே தோ, விட்டுடுங்க. பேப்பர் நான் அப்பறம் குடுத்துக்கறேன்."

பேப்பர் கொடுப்பது என்றால் இங்கே பரீட்சை எழுதுவது. அந்தப் பரீட்சைக்கு அவள் எப்படிப் படித்தாள் என்று ஜன்னலோரத்து மேஜையில் தினமும் பார்த்தவள் நான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். சந்து முனைக்கு வந்ததும் மங்கல்தாயி, "சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்றார். "தெரியல தாயி" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. தேர்வு நடக்கும் மணி முழுவதும் நான் மின்னிதழ்ப் பட்டியலைச் சரிபார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை.

அடுத்த வாரம், நூலகத்தில் கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. தோளில் கனமான பை. மேஜையில் ஒரு புத்தகத்தை வைத்தாள். பழைய செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். அந்தப் புத்தகம்தான்.

"நாள் தாண்டிப்போச்சு. தங்கச்சி திட்டு வாங்குவான்னு குடுக்க வந்தேன் மேடம். நான் மாலதி, சங்கீதாவோட அக்கா."

உட்காரச் சொன்னேன். மங்கல்தாயி குழந்தையைத் தூக்கிப் போய் பழைய வாரப் பத்திரிகைகளில் படம் காட்டினார்.

மாலதியைக் கசார்வாடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவனுக்கு லேத் பட்டறையில் வேலை. அடி எப்போது தொடங்கியது, எதற்கெல்லாம் விழுந்தது என்பதை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். நானும் அவ்வளவோடு நிறுத்துகிறேன். இரண்டு முறை அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு முறையும் முருகேசன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து, சமாதானம் பேசி, தானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"யாராண்டயும் கேக்க முடியல மேடம். தங்கச்சிகிட்ட, சட்டம் பத்தி ஒரு புக்கு இருந்தா கொண்டான்னேன். மாமியா கடைக்குப் போற நேரத்துல படிச்சேன். வூட்ட வுட்டு வர்றதுன்னா என்னென்ன பேப்பரு கையில இருக்கணும்னு அதுல போட்டிருக்கு. கல்யாண சர்டிபிகேட், பாப்பா பொறந்த சர்டிபிகேட், ஆஸ்பத்திரி சீட்டு. எல்லாம் மாமியா பீரோவுல இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுக்க இவ்ளோ நாளாச்சு. இன்னிக்குக் காத்தால மொத்தமா வந்துட்டேன்."

பையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நடந்ததெல்லாம் அம்மா போன்ல சொன்னாங்க. அன்னைக்கு நீங்க அப்பாவாண்ட பேர முழுசா சொல்லியிருந்தீங்கன்னா, கடஸ்போட்டுங்கற வார்த்தையக் கேட்டதும் அது எனக்குத்தான்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும். அன்னைக்கே எங்க மாமியாருக்குப் போன் போட்டிருப்பாரு. கெட்ட எண்ணத்துல இல்ல மேடம். சேத்து வெக்கறேன்னுதான் பண்ணியிருப்பாரு. அப்பறம் பீரோ சாவி என் கண்ணுல பட்டிருக்காது."

நான் வாயைத் திறந்தேனே, அந்த நொடி நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மாலதி வந்து சொன்னதால் நான் செய்தது சரி என்று ஆகிவிட்டதாக நினைக்காதீர்கள். பெரும்பாலான நேரம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். புத்தகம் எடுத்தவர் எதற்காக எடுத்தார் என்பது நமக்குக் கடைசி வரை தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு தகப்பன் உங்கள் முன்னால் நிற்பார், ஒரு மேலதிகாரி நிற்பார், சில சமயம் போலீஸ்காரர்கூட நிற்கலாம். நிற்கிறவரின் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும். இல்லாதவரின் கஷ்டம் தெரியாது. ஆகவே இல்லாதவருக்காகவும் கொஞ்சம் யோசியுங்கள். இன்னொன்று, அவசரத்தில் பொய் சொல்லாதீர்கள். சொல்ல முடியாது என்று நேராகச் சொல்கிறவரிடம் கோபித்துக்கொண்டு போகிறவர் பிறகு ஒருநாள் திரும்பி வரக்கூடும். பொய் சொன்னவரிடம் வருவதற்குத் தயங்குவார். முருகேசனிடம் நான் சொன்ன அந்த முதல் வாக்கியம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மாலதியிடம், "அப்பா வீட்டுக்குத்தான் போறியாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். மூணாவது தடவ. இந்தத் தடவ பேப்பரோட போறேன். திருப்பி அனுப்பறாரா பாக்கலாம்."

புத்தகத்தின் கடைசியில் இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற பகுதி இருந்தது. அதை நகலெடுத்துக் கொடுத்தேன். இன்னும் என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மங்கல்தாயிக்குத் தோன்றியது. குழந்தையைக் கீழே இறக்காமலே செருப்பைப் போட்டுக்கொண்டு, அரை நாள் லீவு எழுதிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு மாலதியோடு நடந்தார்.

அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதை மங்கல்தாயி கொஞ்சம்தான் சொன்னார். முருகேசன் பழக்கப்படி போனைக் கையில் எடுத்தாராம். சங்கீதா போய் அவர் முன்னால் நின்று, "அப்பா, இந்தத் தடவ நீங்க போன் பண்ணா நானும் அக்கா கூடப் போயிடுவேன்" என்றாளாம். அவர் போனை வைத்துவிட்டு, பையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாராம். ஆஸ்பத்திரிச் சீட்டு வந்ததும் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இரண்டு நாள் கழித்து சங்கீதா கல்லூரிக்கு வந்தாள். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தைப் பிரின்சிபாலிடம் கொடுத்தேன். மாணவி தேர்வுக்கு வராததற்குக் காரணம் நூலகத்தின் தவறு, அந்தத் தவறு என்னுடையது, அவளுக்கு மறுதேர்வு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "இது உங்க ஃபைல்ல இருக்கும் மேடம், தெரியும்ல?" என்றார். இருக்கட்டும் என்றேன். மறுதேர்வு வைத்தார்கள். நன்றாக எழுதினாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "மெசேஜை மறுபடி ஆரம்பிங்க மேடம், எல்லாருக்கும் அது உபயோகமா இருந்துச்சு" என்றாள். பிறகு, நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்றைக் கேட்டாள். "அதுல புக்கு பேரு எதுக்கு? எடுத்தவங்களுக்குத் தெரியுமே." சரிதானே. நாள் நெருங்குகிறது என்று சொல்லப் பெயர் எதற்கு? அடுத்த பருவத்தில் தொடங்கியபோது செய்தியில் தலைப்பு இல்லை. எந்த எண்ணுக்கு வேண்டும், வேண்டவே வேண்டாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் சேர்த்தோம். கேட்க மூன்று வாரம் ஆனது. இப்போது உங்கள் நூலகங்களில் முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கிறது. நீங்கள் படித்ததை வைத்து அடுத்தது என்ன படிக்கலாம் என்று திரை சொல்கிறது. எல்லாம் நல்லதுதான். தொடங்குவதற்கு முன்னால், இது யாரைப் பற்றி யாரிடம் என்ன சொல்லும் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அதைச் சங்கீதா மாதிரி ஒரு மாணவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இரண்டு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை மதியம் தலையைத் தூக்கிப் பார்த்தால் முருகேசன் மேஜைக்கு முன்னால் நிற்கிறார். சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் எழுந்துவிட்டேன்.

"அந்தப் புஸ்தகம் இருக்குதா மேடம்?"

"இருக்குங்க."

"மாலதிக்காகக் கேசு போட்டிருக்கோம். கோர்ட்டுல வக்கீலு மராத்தில என்னென்னவோ சொல்றாரு. பேசற மராத்தி எனக்கு வரும், அவரு சொல்ற மராத்தி புரியல. தலைய ஆட்டிட்டு வந்துடறேன். வூட்டுல மாலதி, என்னாப்பா சொன்னாருன்னு கேக்கறா. என்னாத்தச் சொல்ல?" புத்தக அலமாரிகளைப் பார்த்தார். "ஏழாவது வரைக்கும் மராத்தி ஸ்கூல்ல படிச்சேன். மெதுவாப் படிச்சா புரியும்."

வெளியார் புத்தகத்தை எடுத்துப் போக விதி இடம் தராது, இங்கேயே உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றேன். வருகைப் பதிவேட்டை நகர்த்தினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை.

"என்னா படிக்கறேன்னும் எழுதணுமா?"

"வேண்டாங்க. பேரும் வந்த நேரமும் போதும்."

"இல்ல, சால்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா அவளுக்குத்தான..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து பெயரை எழுதினார்.

ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, உதடு அசையப் படித்தார். அரை மணி கழித்துப் புத்தகத்தோடு எழுந்து வந்தார்.

"போட்கின்னா என்னா மேடம்?"

"ஜீவனாம்சம்ங்க. அவளும் குழந்தையும் பிழைக்கப் புருஷன் குடுக்க வேண்டியது."

"அவன் பாத்துக் குடுக்கறதா? இல்ல, இவ கேட்டு வாங்கறதா?"

"கேட்டு வாங்கற உரிமைங்க. அடுத்த பக்கத்துலயே போட்டிருக்கு."

திரும்பிப் போய் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்தோ வேலைக்கு நடுவிலோ வந்தார். மூன்றாவது வாரம் ஒரு நோட்டு கொண்டுவந்தார். தரையில் அளவு குறிக்கிற தடித்த பென்சிலால், வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மராத்தியில் எழுத ஆரம்பித்தார். முதல் கேள்வியை எழுதி முடித்ததும் நோட்டை என்னிடம் கொண்டுவந்து, எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள், வக்கீல் சிரிக்கக் கூடாது என்றார்.

வாங்கிப் படித்தேன். 'என் மகள் இனி என் வீட்டிலேயே இருக்க, நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?' என்று எழுதியிருந்தார்.

பிழை எதுவும் இல்லை என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.